விரல் சூடு போதுமா?

மாவு, தயிர் தொழில் செய்யும் குழுக்கள் வெப்பமானியும் கண்ட்ரோலரும் வாங்குவதற்கு முன்



நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் மாவு வியாபாரம் செய்யும் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து கேட்ட கேள்வி இது: "அரிசி மாறல, உளுந்து மாறல, அரைக்கிற ஆளும் மாறல. பிறகு ஏன் மார்கழியில மாவு பொங்க மாட்டேங்குது, சித்திரையில புளிச்சுத் தள்ளுது?" கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தண்ணீர் என்றார் ஒருவர், கிரைண்டர் கல் என்றார் இன்னொருவர். கண் திருஷ்டி என்றுகூட பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. மாறாதது எதெது என்று அந்தச் சகோதரியே வரிசையாகச் சொல்லிவிட்டார். மாறியது ஒன்றே ஒன்றுதான். அது சூடு.

வடமதுரைப் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. சித்திரை, வைகாசி மதியத்தில் 38, 39 என்று ஏறுகிறது. தகரக் கூரை போட்ட சமையல் கட்டு என்றால் அதற்கும் மேலே. ஒரே மாவை இந்த இரண்டு காலத்திலும் ஒரே நேரத்துக்கு வைத்தால் ஒரே மாதிரி எப்படி வரும்?

வீட்டுக்கு ஆட்டுகிற மாவு என்றால் கொஞ்சம் புளித்தாலும் வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு ஊத்தாப்பமாக்கித் தீர்த்துவிடுவோம். விற்கிற மாவு அப்படி இல்லை. ஒரு நாள் 20 கிலோ மாவு கெட்டால், கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் 800 ரூபாய் போச்சு. அதோடு கடைக்காரர் "இனிமே வேற ஆள்கிட்ட வாங்கிக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டால், கடன் தவணை கட்டுவது சங்கடமாகிவிடும். அதனால்தான் இந்த மாதம் வெப்பமானியைப் பற்றியும், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றியும் எழுதுகிறோம். கருவிக்குக் கடன் கேட்டு இரண்டு குழுக்கள் தீர்மானமும் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கடையில் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடட்டும்.

முதலில் மாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிர்கள், நனைத்து அரைத்ததும் பெருக ஆரம்பிக்கின்றன. அதில் லூகோனோஸ்டாக் என்ற ஒரு வகைதான் இட்லி மாவுக்கு முக்கியம். அது புளிப்பையும் தரும், கூடவே காற்றையும் விடும். அந்தக் காற்று உளுந்தின் பசையில் மாட்டிக்கொள்வதால்தான் மாவு பொங்குகிறது. இதற்குப் பிடித்த சூடு 28 முதல் 32 டிகிரி வரை. அந்தச் சூட்டில் 8 முதல் 12 மணி நேரத்தில் மாவு பதமாகிவிடும். சூடு 35-ஐத் தாண்டினால் புளிப்பை மட்டும் அதிகமாகத் தரும் மற்ற வகைகள் முந்திக்கொள்ளும். மாவு சீக்கிரம் ஏறும், சீக்கிரம் புளிக்கும், சீக்கிரம் அமுங்கியும் போகும். 20 டிகிரியில் அதே மாவு 16 மணி நேரம் ஆனாலும் சோம்பிக் கிடக்கும்.

தயிர் கதை வேறு. பாலை 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பத்து, பதினைந்து நிமிடம் வைத்தால் தயிர் கட்டியாக உறையும். பிறகு ஆறவிட்டு 40 டிகிரி பக்கம் வரும்போது உறைமோர் ஊற்ற வேண்டும். 50-க்கு மேல் இருக்கும்போது ஊற்றினால் உறைமோரில் உள்ள நல்ல கிருமிகளில் பெரும்பகுதி செயலற்றுப் போகும். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருக்கும், அல்லது நூல் நூலாக இழுக்கும். 30-க்குக் கீழே ஆறிய பிறகு ஊற்றினால் உறையும்தான், ஆனால் நேரம் இழுக்கும்.

"இதெல்லாம் எங்க ஆத்தா விரலை வச்சே சொல்லிடும்" என்பீர்கள். உண்மைதான். என் மாமியார் அப்படித்தான் தயிர் போட்டார், ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் அது ஒரு லிட்டர் பால், ஒரே சட்டி, ஒரே கை. குழுவில் ஐந்து பேர் முறை மாற்றி வேலை செய்கிறோம். அடுப்படியில் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டும் கைக்கு 45 டிகிரியும் வெதுவெதுப்பாகத்தான் தெரியும். இப்போதுதான் பச்சைத் தண்ணீரில் துணி அலசிவிட்டு வந்த கைக்கு 38 டிகிரியே சுடும். ஆளுக்கு ஆள் விரல் மாறும்போது தயிரும் மாறத்தான் செய்யும். விரல் செய்கிற வேலையை எல்லாரும் ஒரே மாதிரி படிக்கிற எண்ணாக மாற்றுவதுதான் வெப்பமானியின் உபயோகம்.

இந்த விஷயத்தை முன்பே பிடித்துக்கொண்டவர்கள் பீர் காய்ச்சுகிறவர்கள். இங்கிலாந்தில் 1700-களின் நடுவில் மைக்கேல் காம்ப்ரூன் என்ற தொழில்காரர், வெப்பமானியை வைத்துத்தான் பீர் தயாரிக்க வேண்டும் என்று புத்தகமே எழுதினார். அதுவரை அவர்களும் விரலை விட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறவர்கள் பழைய பிரிட்ஜில் கண்ட்ரோலர் மாட்டிப் புளிக்க வைக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலைக்குப் போனால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டில் ஏற்கெனவே குடியால் படுகிற பாடு போதும். ஆனால் அவர்கள் உபயோகிக்கும் கருவி நம் மாவுக்கும் அப்படியே பொருந்தும். அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எந்த வெப்பமானி வாங்குவது?

காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். பழைய கண்ணாடிக் காய்ச்சல் மானியில் 35 முதல் 42 டிகிரி வரைதான் கோடு இருக்கும். சுடுபாலில் விட்டால் உள்ளே இருக்கும் பாதரசம் விரிந்து கண்ணாடி வெடித்துவிடும். எண் காட்டும் டிஜிட்டல் காய்ச்சல் மானியும் சுமார் 32 முதல் 43 வரைதான் காட்டும். 29 டிகிரி மாவில் வைத்தால் "லோ" என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பிள்ளையின் அக்குளில் வைத்ததைப் பாலில் விடுவதும் சரியில்லை.

பாதரசம் என்றதும் நம் மாவட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொடைக்கானலில் 1983-ல் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஆலையை அங்கே மூடிவிட்டு இயந்திரங்களோடு இங்கே கொண்டு வந்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. செய்யப்பட்ட தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குத்தான் போனது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மட்டும் இங்கேயே தங்கியது. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில் அந்தக் கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டு வந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வேலை பார்த்தவர்கள் உடல்நலம் கெட்டுவிட்டது என்று வருஷக்கணக்காகப் போராடி, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. மலைக்கு மேலே நடந்ததுதான், ஆனால் நம் திண்டுக்கல் மாவட்டம்தான்.

பாதரசத்தைக் குறைப்பதற்காக 2013-ல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது. மினமாட்டா என்பது ஜப்பானில் பாதரசக் கழிவு கலந்த மீனைத் தின்று மக்கள் நரம்பு நோயால் அவதிப்பட்ட ஊர். இந்தியா 2018-ல் அதை ஏற்று உறுதி செய்தது. ஆகவே வெள்ளி நிறத்தில் கோடு ஓடுகிற வெப்பமானியை மாவுக் கூடத்துக்குள், பால் கூடத்துக்குள் கொண்டு வரவே வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்து உடைந்து போனால், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். விளக்குமாறால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் உருண்டைகள் சிதறி அறை முழுவதும் பரவும். இரண்டு கெட்டி அட்டையால் மெல்ல ஒன்று சேர்த்து, ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். சாக்கடையில் கொட்டவோ அடுப்பில் போடவோ கூடாது. அந்தக் கூடத்தில் திறந்திருந்த மாவு, பால் எதுவானாலும் விற்பனைக்குப் போகக் கூடாது.

சிவப்புக் கோடு ஓடும் கண்ணாடி வெப்பமானியில் இருப்பது சாயம் கலந்த ஸ்பிரிட். பள்ளிக்கூட சயின்ஸ் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், மைனஸ் 10 முதல் 110 டிகிரி வரை காட்டும், விலையும் குறைவு. விஷம் என்ற பயம் இல்லை. ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான். அண்டாவில் தட்டி நுனி உடைந்தால் அந்த அண்டா மாவு முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். "மேலாக எடுத்துட்டு மிச்சத்தை வித்துடலாம்" என்ற பேச்சே கூடாது.

என் யோசனை, எவர்சில்வர் ஊசி வைத்த டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். பேனா போல இருக்கும். நீண்ட ஊசி, தலையில் எண் தெரியும் சின்னத் திரை. பெரும்பாலும் முன்னூறு, நானூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. எழுதப் படிக்க அதிகம் தெரியாத அக்காமார்களும் எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வாங்கும்போது கடையிலேயே சிலதைப் பாருங்கள். எண் தெரிய எவ்வளவு நேரம் எடுக்கிறது? ஒரு நிமிடம் வரை இழுக்கிற ரகம் வேண்டாம். ஊசி குறைந்தது ஒரு சாண் நீளமாவது இருக்கிறதா? குட்டையான ஊசி அண்டாவின் மேல்பக்கத்தை மட்டும்தான் தொடும். உள்ளே போடுவது என்ன பேட்டரி, அது வடமதுரைக் கடையிலேயே கிடைக்குமா? இந்தப் பேட்டரி பட்டன் மாதிரி சின்னது. தவழுகிற குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, பழையதைக் கழற்றினால் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

தலைப்பக்கம் நனைந்தால் வீணாகும். அண்டா ஆவியில் அப்படியே சொருகி வைத்துவிட்டுப் போகாதீர்கள். அளந்து முடித்ததும் ஊசியை மட்டும் கழுவி, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, துடைத்து வையுங்கள்.

இன்னொரு விஷயம். சி, எஃப் என்று ஒரு பட்டன் இருக்கும். சி என்றால் செல்சியஸ், எஃப் என்றால் பாரன்ஹீட். தெரியாமல் கை பட்டு மாறிவிட்டால் 30 டிகிரி மாவு 86 என்று காட்டும், 40 டிகிரி பால் 104 என்று காட்டும். "மெஷின் கெட்டுப் போச்சு" என்று ஒரு குழுவில் புது வெப்பமானியை மூலையில் போட்டுவிட்டார்கள். கெட்டது ஒன்றுமில்லை, பட்டன்தான் மாறியிருந்தது.

கொரோனா காலத்தில், 2020-ல், நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்த்தார்களே, அது பல ஊர்களில் இன்னும் சும்மா கிடக்கிறது. அதை மாவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது உடம்புச் சூட்டுக்கென்று செய்தது. அதுபோலவே தொழிற்சாலைகளுக்கென்று விற்கும் துப்பாக்கி ரகமும் மேல்பரப்புச் சூட்டை மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது. அதிலும் பளபளப்பான எவர்சில்வர் அண்டாவின் மேல் காட்டினால் கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி, சுற்றி இருக்கிற சூட்டைக் காட்டி ஏமாற்றும்.

வாங்கியதைச் சோதிப்பது எப்படி?

நான் முதலில் வாங்கிய வெப்பமானி நான்கு டிகிரி தவறாகக் காட்டியது. ஒரு மாதம் அதை நம்பித் தயிர் போட்டு, தினமும் உறைமோரின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் பால் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் ஐஸ் சோதனையைச் சொல்லிக் கொடுத்தார். செலவே இல்லாத சோதனை அது.

ஒரு டம்ளர் நிறைய ஐஸைப் பொடியாக நொறுக்கிப் போடுங்கள். இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஊசியை நடுவில் விடுங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. 0 டிகிரி காட்ட வேண்டும். ஒன்று கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. இரண்டு, மூன்று என்று தள்ளிப் போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தண்ணீர் அதிகமாகி நாலு ஐஸ் கட்டி மட்டும் மிதக்கிற டம்ளரில் பார்த்தால் 3, 4 காட்டும்; அது வெப்பமானியின் தப்பு இல்லை.

அடுத்தது கொதிநீர். புத்தகத்தில் 100 டிகிரி என்று இருக்கும். ஆனால் நம் பகுதி கடல் மட்டத்திலிருந்து 250 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்பதால் இங்கே தண்ணீர் 99 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலில் 2,100 மீட்டர் உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் சோறு வேக நேரமாவது இதனால்தான். ஆகவே 99 காட்டுகிறதே என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

டிஜிட்டலில் 30.4 என்று புள்ளிக்குப் பின்னாலும் ஒரு எண் காட்டும்போது ரொம்பச் சரியாகக் காட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். எண்ணை நுணுக்கமாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. பெட்டியின் மேல் "ப்ளஸ் மைனஸ் 1 டிகிரி" என்று போட்டிருந்தால், 30.4 என்பது 29.4-ஆகவும் இருக்கலாம், 31.4-ஆகவும் இருக்கலாம். மாவுக்கும் தயிருக்கும் அந்த அளவு போதும். கோழிக் குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போதாது. அங்கே 37.5 டிகிரியை விட்டு ஒரு டிகிரி ஏறி நின்றாலே முட்டை வீணாகும்.

கண்ட்ரோலருக்கு முன்னால் ஒரு நோட்டு

வெப்பமானி சூடு எவ்வளவு என்று சொல்லும். அதைக் கூட்டவோ குறைக்கவோ அதற்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்வதுதான் கண்ட்ரோலர். ஆனால் வெப்பமானி வாங்கிய கையோடு கண்ட்ரோலரும் வாங்க வேண்டியதில்லை. முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, அரைத்து முடித்ததும் மாவின் சூடு, இரவு படுக்கப் போகும்போது அறையின் சூடு, காலையில் மாவின் சூடு, எத்தனை மணி நேரத்தில் பொங்கியது, மாவு எப்படி இருந்தது. இவ்வளவுதான். ஒரு மாதம் எழுதுங்கள்.

எழுத ஆரம்பித்ததும் பல குழுக்களுக்குத் தெரியவருவது இதுதான். கெடுதல் இரவில் ஆரம்பிக்கவில்லை, கிரைண்டரிலேயே ஆரம்பித்திருக்கிறது. கல் சுற்றச் சுற்றச் சூடேறும். சித்திரை மாதத்தில் பிளாஸ்டிக் டேங்க் தண்ணீரை ஊற்றி அரைத்தால் மாவு கிரைண்டரை விட்டு வெளியே வரும்போதே 36, 37 டிகிரி இருக்கும். அதை 20 கிலோ அண்டாவில் மொத்தமாக மூடி வைத்தால் நடுவில் இருக்கும் சூடு வெளியே வர வழியே இல்லை. இதற்குக் கண்ட்ரோலர் எதற்கு? ஊற வைக்கவும் அரைக்கவும் பானைத் தண்ணீர் அல்லது ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு அண்டாவுக்குப் பதில் நான்கு சின்னப் பாத்திரமாகப் பிரியுங்கள். அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதில் பாத்திரத்தை வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். காற்றோட்டம் இருந்தால் மூன்று, நான்கு டிகிரி குறைவதை உங்கள் வெப்பமானியிலேயே பார்ப்பீர்கள்.

மார்கழிக்கு இதற்கு நேர் எதிர். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. புதுப் பெட்டி ஒன்று வாங்கி, மூடி போட்ட பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ளே வைத்து மூடினால் பல மணி நேரம் சூடு தாங்கும். தயிருக்கும் இதே பெட்டி போதும்.

இதையெல்லாம் செய்து பார்த்தும் நோட்டில் சூடு தாறுமாறாக இருந்தால், அல்லது தினமும் கடைகளுக்கு நிச்சயம் கொடுத்தாக வேண்டிய ஆர்டர் இருந்தால், அப்போது கண்ட்ரோலர் வாங்குவது நியாயம்.

கண்ட்ரோலர் எப்படி வேலை செய்கிறது?

நுனியில் சென்சார் வைத்த ஒரு வயர், எண் காட்டும் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ரிலே என்ற சுவிட்ச். 30 டிகிரி என்று நாம் வைத்துவிட்டால், சென்சார் இருக்கும் இடத்தில் சூடு குறையும்போது பல்பைப் போடும், கூடும்போது அணைக்கும். பிரிட்ஜையும் சேர்த்து மாட்டினால் சூடு ஏறும்போது அதை ஓட்டும். இரவு முழுவதும் ஒருவர் முழித்திருந்து சுவிட்சைப் போட்டு அணைப்பதற்குச் சமம்.

மூன்று ரகம் சந்தையில் இருக்கிறது. 12 வோல்ட்டில் ஓடும் வெறும் பலகை ஒன்று; விலை மிகக் குறைவு, ஆனால் கம்பியும் பல்லும் வெளியே தெரிய இருக்கும். ஈரக் கையோடு வேலை செய்யும் நமக்கு அது வேண்டவே வேண்டாம். இரண்டாவது, எஸ்.டி.சி. 1000 போன்ற பெட்டியில் பதிக்கும் ரகம். நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும், சூடாக்க ஒன்று, குளிராக்க ஒன்று என இரண்டு ரிலே இருக்கும். இது பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆனால் வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒரு மூடிய பெட்டிக்குள் பொருத்தித் தர வேண்டும். மூன்றாவது, பிளக்கும் சாக்கெட்டும் சேர்ந்தே வரும் ரகம். சுவரில் சொருகி, பல்பு வயரையும் பிரிட்ஜ் வயரையும் அதில் சொருகினால் போதும். விலை அதிகம்தான். கையில் பணம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். நம் ஊர் மூன்று முள் பிளக் அதில் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த ரகமானாலும் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிப் பெரிய மோட்டாரை மாட்டாதீர்கள். பல்பு, ஹீட்டருக்கு அந்தக் கணக்கு சரி. பிரிட்ஜ் கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். வீட்டில் வைக்கும் சின்ன பிரிட்ஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எஸ்.டி.சி. 1000-ல் நான்கு அமைப்புகள் இருக்கும். எஃப் 1 என்பது நமக்கு வேண்டிய சூடு. மாவுக்கு 30 வையுங்கள். எஃப் 2 எத்தனை டிகிரி வித்தியாசம் வந்தால் வேலை செய்ய வேண்டும் என்பது, 1 போதும். அரை டிகிரி, கால் டிகிரி என்று வைத்தால் சுவிட்ச் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். எஃப் 3 கம்ப்ரசர் நின்ற பிறகு மறுபடி ஓட எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது. இதை 3 நிமிடத்துக்குக் குறைக்கவே கூடாது. நின்ற கம்ப்ரசரை உடனே ஓடவிட்டால் திணறிக் கெட்டுப் போகும். கரண்டு போய்ப் போய் வரும் நாளில் இதுதான் பிரிட்ஜைக் காப்பாற்றும். எஃப் 4 திருத்தம். ஐஸ் சோதனையில் சென்சார் 1 டிகிரி கூடக் காட்டினால் இங்கே மைனஸ் 1 வைத்துச் சரிசெய்யலாம்.

பெட்டி என்று தனியாகச் செய்ய வேண்டியதில்லை. கம்ப்ரசர் போய் ஓரம் கட்டிய பழைய பிரிட்ஜ் போதும். அதன் சுவரே சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். உள்ளே 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்று. எல்.இ.டி. பல்பு உதவாது, அதில் வெளிச்சம்தான் வரும், சூடு ரொம்பக் கம்மி. பல்பு பிளாஸ்டிக் சுவரையோ தெர்மாகோலையோ தொடாமல் தகர மறைப்பு வைத்துப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் உருகித் தீப்பிடிக்கும். சென்சார் வயரை உள்ளே விட பிரிட்ஜ் சுவரில் ஓட்டை போடாதீர்கள். ஓடுகிற பிரிட்ஜ் என்றால் உள்ளே வாயுக்குழாய் போகிறது, துளைத்தால் அதோடு பிரிட்ஜ் காலி. கதவு ரப்பர் இடுக்கு வழியாக விட்டால் போதும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் பெட்டி சூடாவதற்கு முன்பே "30 வந்துவிட்டது" என்று அணைத்துவிடும். மாவு குளிர்ந்தே கிடக்கும். பெரிய அண்டா மாவுக்குள் புதைத்து வைத்தால் மாவு சூடேற நேரமாகும், அதுவரை பல்பு எரிந்துகொண்டே இருந்து ஓரத்து மாவு 40-ஐத் தொட்டுவிடும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மாவுப் பாத்திரங்களுக்கு நடுவே வைத்து, சென்சாரை அதன் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவாக இருக்கும். முதல் ஒரு வாரம் ஊசி வெப்பமானியால் மாவின் நடுவிலும் ஓரத்திலும் குத்திப் பார்த்து, கண்ட்ரோலர் சொல்வது உண்மைதானா என்று நோட்டில் எழுதுங்கள்.

எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் இதை மாட்டவே கூடாது. மாவுக் கூடத்துத் தரை எப்போதும் ஈரம். கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரைவிட அதற்கு விலை அதிகமாக இருக்கலாம், பரவாயில்லை.

பதமான மாவைப் பாக்கெட் போட்ட பிறகு 5 டிகிரிக்குக் கீழே வைத்தால்தான் புளிப்பு அடங்கும். 10 கிலோ மாவை ஒரே பாத்திரத்தில் பிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி விடியும் வரை வெதுவெதுப்பாகவே இருந்து புளித்துக்கொண்டே போகும். அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாகப் பிரித்து, இடையில் காற்றுப் போக இடம் விட்டு அடுக்குங்கள். கடையில் பாக்கெட் உப்பிப் போய்த் திரும்பி வருகிறதே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குழுவுக்கு ஒரு வெப்பமானி போதும். பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழோடு வரும் நல்ல வெப்பமானி ஒன்றைக் கூட்டமைப்பே வாங்கி அலுவலகத்தில் வைத்தால், மற்ற குழுக்களுடையதை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம் என்று யோசனை வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தீர்மானத்துக்கு வைக்கிறோம். வரும்போது உங்கள் வெப்பமானியையும் நோட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். ஐஸ் நாங்கள் வாங்கி வைக்கிறோம்.